அரை ஷட்டர்

தெற்குக் கடைவீதியில் பகல் நேரத்தில் எந்த ஷட்டரும் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்தக் கடையை அரசு எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். கடைகளைப் பூட்டிப் போட்டுவிட்டுப் பிறகு ஷாப்பிங் மால் கட்டுகிறவர்களுக்கு விற்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. வியாபாரிகள் சங்கத் தலைவராக இருந்து அதைப் போராடி வாங்கியவர் பாத்திரக்கடை தெய்வசிகாமணி.

அவர் இறந்த மறுநாள், மகன் கொள்ளிச்சட்டியோடு பாடைக்கு முன்னால் நடக்க வேண்டியிருந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை என்பதால் அவர் மனைவி பவளக்கொடி கடையில் வந்து உட்கார்ந்தாள்.

முன்பெல்லாம் இந்தத் தெருவில் பிணம் போனால் ஒவ்வொரு கடையும் ஷட்டரைப் பாதி இறக்கும். தெய்வசிகாமணியே எத்தனையோ பேருக்கு இறக்கியிருக்கிறார். இப்போது ஷட்டரில் பொருத்தியிருக்கும் சென்சாருக்குப் பாதியும் முழுசும் ஒன்றுதான்.

சங்குச் சத்தம் தெருவுக்குள் நுழைந்தபோது வெளியூர்ப் பெண் ஒருத்தி கடைக்குள் வந்தாள்.

"அக்கா, மூணடுக்கு டிபன் கேரியர் இருக்கா?"

பவளக்கொடி எழுந்து எடுத்துக் கொடுத்தாள். வாசலைப் பாடை கடந்துகொண்டிருந்தது. எதிர்க்கடைக்காரர் ஷட்டர் கொக்கியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"யாரு அக்கா அது, பாவம்?"

"கடைக்காரரு."

"எந்தக் கடை, அக்கா?"

கேரியரைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பெண் வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவின் இரு பக்கமும் ஒரு கடைகூட மூடியிருக்கவில்லை.