தலையணைக்கு அடியில்

"கொசுவலையோட நாலு முனையையும் மெத்தைக்கு அடியில செருகினியா?"

"செருகிட்டேன்க்கா."

"தண்ணி?"

"கொதிக்க வெச்சுதான் குடிக்கிறோம். ஆறுறதுக்குள்ள அவசரப்பட்டு பாதிப் பேருக்கு நாக்கு வெந்துபோச்சு."

மறுமுனையில் அக்கா சிரித்தார். வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களின் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் தலைமை அலுவலகத்தில் அவருக்கு வேலை. வழக்கமாக வாரம் ஒருமுறை கூப்பிடுவார். அவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததிலிருந்து தினமும் கூப்பிட்டு உயிரை வாங்கினார்.

வெள்ளம் வடிந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுக்க வந்தவன், முகாமின் மருத்துவ அறையில் சுருண்டு கிடந்தான். நாளைக்கும் காய்ச்சல் இறங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது?

"இருக்கிற வேலையை விட்டுட்டு எங்கேயோ போய் செங்கல் தூக்கப் போறியா? போ. இனிமே என்கிட்ட பேசாதே!" என்று சொன்ன அப்பா, சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றி வந்தார். இவன் போட்ட போன் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அம்மா போனபிறகு ஒண்டியாளாக இவனை வளர்த்த மனிதர். அதுதான் வலித்தது.

"சரி, போர்வையைக் காதுவரைக்கும் இழுத்து மூடிக்கோ."

"காதுவரைக்குமா? இதுவும் உங்க ரூல்ஸ்ல இருக்காக்கா?"

"இருக்குப்பா, இருக்கு." சற்று இடைவெளி. "அப்புறம், மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் துப்பற வேலையெல்லாம் கிடையாதே?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் கொடுத்த கசப்பு மாத்திரை, சின்ன வயதில் வீட்டில் ஒளித்து வைத்தது போலவே, அவன் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

"அ... அதெல்லாம் இல்லக்கா."

"எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! வீட்ல யாருக்காவது அலர்ஜி உண்டா? டாக்டர் கேட்டார்."

"அப்பாவுக்கு ஃபேன் காத்து நேரா பட்டா ஆகாது. வரிசையா மூணு தும்மல் போடுவார் பாருங்க, தெருவே எழுந்து உக்காரும். ஒருதடவை இடி இடிக்குதுன்னு நெனச்சு பக்கத்து வீட்டுக்காரங்க கொடியில காஞ்ச துணியெல்லாம் எடுத்துட்டாங்க."

அக்கா அடக்கமாட்டாமல் சிரித்தார். அது அவ்வளவு பெரிய ஜோக்கா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

"அக்கா..." அவன் போனை மறு காதுக்கு மாற்றினான். "எனக்கு உடம்பு சரியில்லைன்னு அப்பாவுக்குத் தெரியுமா? ஏதாவது கேட்டாரா?"

"தகவல் சொன்னோம்ப்பா." அக்கா தயங்கினார். "உன்கிட்ட பேசணும்னு அவர் சொல்லலை."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "சரிக்கா, வெச்சிடறேன்."

அப்போதுதான் போனில் அது கேட்டது. ஒன்று. இரண்டு. அங்கிருந்த மேசையே அதிரும்படி மூன்றாவது தும்மல்.

அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். கண்ணில் முட்டிய நீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அக்கா, உங்க எதிர்ல உக்காந்திருக்கறவரைக் கொஞ்சம் ஃபேனுக்கு நேரா உக்கார வேண்டாம்னு சொல்லுங்க."

மறுமுனையில் போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"என் தும்மல் கிடக்கட்டும்," என்றார் அப்பா. "முதல்ல தலையணைக்கடியில ஒளிச்சு வெச்சிருக்கறதை எடுத்து முழுங்குடா!"