ஓட்டையை அடைத்தவர்

ஓட்டையை அடைத்ததற்குக் கேக் வெட்டினார்கள்.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். மனநல மருத்துவமனையிலிருந்து வந்த பாராட்டுக் கடிதத்தை நின்றுகொண்டே இரண்டு முறை வாசித்தார். வலைத்தளங்களை இயக்கும் மென்பொருளில் போன மாதம் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதாம். அது வழியாகப் பல இடங்களில் திருடர்கள் புகுந்துவிட்டார்களாம். தங்கள் சர்வரைச் சோதித்துப் பார்த்தால் ஓட்டை கச்சிதமாக அடைக்கப்பட்டிருந்ததாம். நிறுவனத்துக்கு மனமார்ந்த நன்றியாம்.

பூட்டுக்காரி பத்து நாள் விடுப்பு முடிந்து அன்று காலைதான் வந்திருந்தாள். மருத்துவமனை போன்ற வாடிக்கையாளர்களின் சர்வர்களைக் கவனிப்பது அவள் வேலை. அதைப் பூட்டு, இதைப் பூட்டு என்று எந்நேரமும் நச்சரிப்பதால் அலுவலகம் வைத்த பேர் அது.

விடுப்பில் போகுமுன் மூன்று முறை கேட்டிருந்தாள். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட வேண்டும், அதற்குத் தளத்தை இருபது நிமிடம் நிறுத்த அனுமதி வேண்டும். நோயாளிகள் டாக்டரிடம் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அந்த சர்வரில்தான் கிடக்கிறது.

அவள் தங்கை சொன்னதும் அங்கேதான் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தங்கை அங்கே சிகிச்சைக்குப் போய்வருவது மாமியார் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பைத்தியம் என்று சொல்லிக் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஒன்றும் வெளியே போகாது, என்னை நம்பு என்று சொல்லிக் கூட்டிப்போனதே பூட்டுக்காரிதான்.

மூன்று முறையும் மேலாளரிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது.

"ஓடிட்டிருக்கறத எதுக்கும்மா நோண்டறீங்க?"

இப்போது அதே வாய் கேக்கை மென்றபடி, நாங்கள் ராப்பகலாகக் கண்விழித்து அடைத்தோம் என்கிறது. மீசையில் க்ரீம். அதை விரலால் வழித்து நக்கினார். அதே விரலால் அடுத்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் வேண்டாம் என்றாள்.

யார் போட்டது பேட்ச் என்று கேட்டாள். நம் டீம்தான் என்று பூசி மெழுகினார் மேலாளர். டீமில் இருந்த ஐந்து பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

பக்கத்து சீட்டுக்காரனுக்கு சரிசார் என்று பேர். மேலாளர் தும்மினாலும் சரி சார் என்பான். அவன் நைசாக அவள் காதருகே வந்தான்.

"விடுங்கக்கா. லீவுல இருந்துகிட்டே நீங்கதான் போட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். லாக்ல உங்க பேருதான் இருக்கு. அவருக்குத்தான் பேர் வாங்கணும்னு ஆசை."

அந்தப் பத்து நாளும் அவள் தங்கையின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை.

தன் இடத்துக்குப் போய் சர்வரின் லாக் பதிவுகளைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் பெயர்தான். பழைய கோப்புகளைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பேட்சைப் போட்டு, இரண்டு தடவை சோதித்திருந்தார்கள். இருபது நிமிடம் கேட்டாளே, தளம் நாற்பது விநாடிகூட நிற்கவில்லை. அவளே உட்கார்ந்து செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஒரு கணம் அந்தக் கைக்கு சபாஷ் போட்டாள். அப்படிப் போட்டதற்காகப் பிறகு தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஏனென்றால் அதற்கு முந்தைய வரிகளையும் படித்துவிட்டாள்.

அன்று காலையே யாரோ அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். அவள் கடவுச்சொல்லை எடுத்திருக்கிறார்கள். நோயாளிகளின் கோப்புகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். பேட்ச் அதற்குப் பிறகுதான். தான் புகுந்த இடத்தில் இன்னொரு திருடன் பங்குக்கு வரக் கூடாது என்று, புகுந்தவனே ஓட்டையை அடைத்துக்கொள்வது உண்டு. அவள் அதைப் படித்திருக்கிறாள். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இத்தனை பேர் சம்பளம் வாங்கும் இடத்தில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தவன் திருடன்.

மூட்டையில் போன கோப்புகளின் பட்டியலில் தேடினாள். தங்கையின் கோப்பும் இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் மேலாளரின் முகத்துக்கு நேரே வைத்தாள். உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்ல வேண்டும் என்றாள். அவர் வரிவரியாகப் படித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. காகிதத்தால் மீசையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

இல்லை என்றாள்.

அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். அதற்கு மேல் அவரிடம் பேச அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி நின்று போனை எடுத்தாள். மருத்துவமனைக்கும் முன்னால் சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள்.

பின்னால் மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. உண்மையச் சொல்லிடறேன். அந்த பேட்ச நான் போடல, டீமும் போடல. ஞாயித்துக்கிழமை சர்வருக்குள்ள போனது, வேலை பார்த்தது எல்லாமே இவங்க ஒருத்தர்தான். லாக்லயே இவங்க பேருதான் இருக்கு. கைதட்டுங்க."

எல்லாரும் தட்டினார்கள். சரிசார் எழுந்து நின்று தட்டினான்.

போனில் தங்கை எடுத்துவிட்டாள். குழந்தை ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, அங்க ஒரே கைதட்டலா இருக்கு? உனக்கா?"