வீட்டுக்கு முந்நூறு

பேரூராட்சிக் கூட்டத்தில் பதினான்கு கைகள் உயர்ந்தன. ஏழாவது வார்டு சௌந்திரம் மட்டும் கையைத் தூக்கவில்லை.

தீர்மானம் எளிமையானது. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், ஆட்கள் எல்லாம் அரசு தரும். நிலையத்தைப் பேரூராட்சி கட்டித் தர வேண்டும். அதற்காக எந்தக் கட்டடமானாலும் வருடத்துக்கு முந்நூறு ரூபாய் கூடுதல் வரி.

போன மாதம் ஆராயியின் ஓட்டு வீடு இரண்டு விசைத்தறியோடு எரிந்தது. வெளியூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர நாற்பது நிமிடம். தீக்காயம் பட்ட அவர் கணவர் வீரனுக்கு ஆம்புலன்ஸ் கிடைக்க அதற்கும் மேல். ஆராயி இன்று கூட்டத்தைப் பார்க்க வந்து, சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

துணைத் தலைவர் சந்திரசேகர் எழுந்தார். மேட்டூர் ரோட்டில் ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபம் அவருடையது. தீர்மானத்தைக் கொண்டு வந்ததும் அவர்தான்.

“ஏனுங்க, மூணு நூல் குடோன் வெச்சிருக்கறீங்க. முந்நூறு ரூவா உங்களுக்குப் பெருசுங்களா? ஊடு எரிஞ்சவங்க எதுத்தாப்புல உக்காந்திருக்காங்க பாருங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆராயி தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஓட்டுப் போட்டது சௌந்திரத்துக்குத்தான்.

“பெருசில்லீங்க,” என்றார் சௌந்திரம். “கம்மிங்க. அதனாலதான் கை தூக்கல.”

“புரியலீங்களே.”

“என் குடோனுக்கும் முந்நூறு, ஆராயக்கா ஊட்டுக்கும் முந்நூறா? என் குடோன்ல தீப்பிடிச்சா ஒரு வண்டி பத்தாது. சதுர அடிக்கு ஒரு ரூவான்னு போடுங்க. ஓட்டு ஊட்டுக்கு ஒண்ணும் வேண்டாம். வார வழியிலயே கணக்குப் பாத்தேன். எனக்கு வருசம் பதினாலாயிரம் வருது. கட்டறேன்.”

ஆராயி நிமிர்ந்தார். பெஞ்சில் ஒருவர் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

“அப்படியே மாத்திக்கலாமுங்களா?” என்று கேட்டார் தலைவர் சத்யபிரியா.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக சந்திரசேகரும் தூக்கினார். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சம்மதந்தானுங்க. ஆனா ஒவ்வொரு கட்டடமா அளக்கோணுமே. அடுத்த வருசத்துல இருந்து வெச்சுக்கலாம்.”

“அளவெல்லாம் சொத்து வரி ஏட்டுலயே இருக்குமுங்களே,” என்றார் சௌந்திரம். “பெரிய கட்டடமாப் பாத்துப் படிங்க தமிழரசு. மொதல்ல என்னுது.”

பில் கலெக்டர் தமிழரசு ஏட்டைப் பிரித்துப் படித்தார். மூன்று குடோன்களும் ஓர் அடி குறையாமல் பதிவாகியிருந்தன.

“அடுத்து நம்ம துணைத் தலைவர் மண்டபம்,” என்றார் சத்யபிரியா.

சந்திரசேகர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

தமிழரசு பக்கத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு தயங்கினார்.

“படிங்க தம்பி,” என்றார் சத்யபிரியா.

“சாருக்கு ஒண்ணும் வராதுங்க மேடம். மண்டபம் இருக்கற எடம் நம்ம ஏட்டுல இன்னமும் ஓட்டு வீடுன்னுதான் இருக்குது.”