ஏழாவது சைக்கிள்

ஊர்காவற்றுறைத் துறையில் ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கிறது. காரைநகருக்குப் போகும் கடைசி வள்ளத்தில் ஐந்து சைக்கிள்களை ஏற்றிக் கிடத்தியாயிற்று. அவற்றின் ஹாண்டில்களில் வெயில் மங்கிச் சிவக்கிறது. ஆறாவதைப் பிடித்தபடி சோமசேகரம் கரையில் நின்று வேலணை வீதியையே பார்க்கிறார். ஏழாவது ஆள் வைத்திலிங்கம் இன்னும் வரவில்லை. நாளை விடியற்காலை அவனுக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருகும்போது மாப்பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும். வழியில் சில்லில் முள் ஏறியபோது, "ஒட்டிப்போட்டு வாறன், நீங்கள் முன்னாலை போங்கோ" என்று அவன்தான் எல்லாரையும் அனுப்பிவைத்தான்.

"மாப்பிள்ளைக்கு இப்பவே பயம் பிடிச்சிட்டுது," என்கிறான் வள்ளத்தில் இருக்கும் ஆழ்வாப்பிள்ளை. மற்றவர்கள் சிரிக்கிறார்கள். வள்ளக்காரர் சிரிக்கவில்லை. "காத்துத் திரும்புது தம்பிமார், இனி நிக்கேலாது," என்று கயிற்றை அவிழ்க்கிறார். பலகையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் பெரிதாகிறது. சைக்கிளைத் தூக்கக் குனிந்த சோமசேகரத்தின் கையில், சட்டத்தோடு செருகியிருக்கும் பம்பு தட்டுப்படுகிறது. காலையில் தன் சில்லுக்குக் காற்றடிக்க வைத்திலிங்கத்திடம் வாங்கியது. திருப்பிக் கொடுக்கவில்லை. ஏழு பேருக்கும் அது ஒன்றுதான். தோளில் கிடந்த சால்வை நழுவி அதன்மேல் விழுகிறது. அவர் அதை எடுக்கவில்லை. வீதி வெறுமையாகக் கிடக்கிறது. ஆழ்வாப்பிள்ளை கை நீட்டி முன்சில்லைப் பிடிக்கிறான்.

"சோமண்ணை, பம்பு அவனிட்டைத்தானே இருக்கு?"