நம்பும்படி ஒரு கொலை

“இவ கொலை செஞ்சான்னு எவன்க்கா நம்புவான்?”

பிராங்க்ளின் நோட்டைப் பட்டென்று மூடினார். முத்துப்பேச்சிக்கு முகம் செத்துப்போனது. விடிந்ததும் ரெட்டியார்சத்திரத்தில் முதல் பஸ் பிடித்து, திண்டுக்கல்லில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியவள் அவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நூலகத்தில் அவர் நடத்தும் கதை வகுப்புக்கு ஒரு வருடமாக வருகிறாள். எழுதியதில் இது நாலாவது கதை.

“நம்பணும் சார். நம்பலேன்னா எல்லாம் வீணாப் போயிரும். இன்னைக்கே சரி பண்ணியாகணும்.”

ஏதோ போட்டிக்குக் கடைசி நாள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கதை இதுதான். கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறை. தன் முறையைப் பங்காளி பிடுங்கிக்கொண்டான் என்று, ‘நான்’ என்று கதை சொல்கிறவள் அவனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிடுகிறாள்.

“பக்கத்துக்குப் பக்கம் ரத்தம், அழுகை! செஞ்சவ இப்படியா பேசுவா? அவன் ஆறடி ஆளுன்னு வேற எழுதியிருக்கீங்க. உங்க உயரத்துல ஒரு பொம்பள அவன் மண்டையில எப்படி அடிச்சா?”

முத்துப்பேச்சி நகத்தைக் கடித்தாள். “மோட்டாருக்குத் தண்ணி ஊத்தக் குனிஞ்சான் சார். அப்ப அடிச்சா.”

“ஆங்! அதை எழுதுங்க. மண்டை உடையற அளவுக்குப் பலம்?”

“இருவது வருசமா மம்பட்டி பிடிச்ச கை சார்.”

“பலே! அடிச்சதும் என்ன செஞ்சா? ரத்தத்தை விடுங்க. வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரிக்கு அந்நேரம் என்ன தோணும்?”

“ஆறு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு போயிரும். கத்தரிக்கு இன்னும் ரெண்டு பாத்தி பாயணும். அவன் கெடக்கட்டும்னு மோட்டாரப் போட்டு, மடைய மாத்தி, பாய்ச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போனா.”

பிராங்க்ளின் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“அடேயப்பா! எனக்குப் புல்லரிக்குதுக்கா! இம்புட்டுத் திறமைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? இதை இப்படியே சொன்னா எவனும் மறுபேச்சுப் பேச மாட்டான்.”

“மெய்யாவே நம்புறீகளா சார்?”

“சத்தியமா! உங்களைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு, போங்க!”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே பார்த்து, “ரெண்டு காபி!” என்று குரல் கொடுத்தார். இப்படி ஒரு மாணவி கிடைத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

முத்துப்பேச்சி எல்லாவற்றையும் அடித்துத் திருத்தி எழுதினாள். பிறகு நோட்டைப் பார்க்காமல் முழுக்கச் சொல்லிக் காட்டினாள். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அவர் கை தட்டினார்.

காபி வருமுன்னே கும்பிடு போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தவள், போனைக் காதில் வைத்தாள்.

“ஏலே விக்னேசு, கேரளா லாரியில ஏறிராத அப்பு, வீட்டுக்குத் திரும்பு. நீ செஞ்சது ஆருக்கும் தெரிய வேணாம். ஒன் சித்தப்பன அடிச்சது நான்தான்னு சொல்ல, ஆத்தா ஸ்டேசனுக்குப் போய்க்கிட்டிருக்கேன்.”