பனங்கிழங்கைத் தேடி வந்தவர்

"இஞ்ச 'பனங்கிழங்கு' எண்டது ஆர்?"

கேட்டவர் குரலை உயர்த்தவில்லை. அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேர்ட்டின் கையை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தார். கக்கத்தில் ஒரு தடித்த காகிதக் கோவை. போட்டோக்கொப்பி மெசினுக்குள் தாள் வைத்துக்கொண்டிருந்த அஸ்வருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

பனங்கிழங்கு வேண்டுமென்றால் சந்தைக்குப் போங்கள் என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் அது யுத்தம் நடந்துகொண்டிருந்த 2008ஆம் ஆண்டு வவுனியா. தேடிவந்து கூட்டிப் போகப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய காலமல்ல அது. தவிர, பனங்கிழங்கு யாரென்று அஸ்வருக்கு நன்றாகவே தெரியும். அவருடைய ஒரே மகள் நிஹ்லா. கடைக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அப்பால், குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அஸ்வரின் இன்ரநெற் கடையில் நாலு கொம்பியூட்டர்கள். இரண்டாவதில் தினமும் காலை பத்து மணிக்கு நிஹ்லா உட்கார்ந்துவிடுவாள். வெளிநாட்டில் யாரோ நடத்தும் தளமொன்றில் அந்த நேரத்துக்குத்தான் அன்றைய குறுக்கெழுத்து வரும். அதற்குக் கீழே ஐந்து பேர் கூடி அரட்டை அடிப்பார்கள். ஓட்டைச்சட்டி, நுளம்புவலை என்று ஆளுக்கொரு புனைபெயர். ஊர் பேர் கேட்கக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். ஏழு குறுக்கால் நாலெழுத்து, மூன்று மேலிருந்து கீழ் பிழை என்று தொடங்கும் பேச்சு, கட்டம் நிறைந்ததும் கறிக்கு உப்புக் கூடிய கதைக்கும் பல்லுக்கொதிக்குக் கைவைத்தியத்துக்கும் போய்விடும்.

இலக்கமும் சொல்லுமாக முகம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு, பார்க்கிறவன் ரகசியச் செய்தி என்று நினைப்பான் என்று அஸ்வர் சொல்லாத நாளில்லை. பக்கத்துத் தெருவில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்த அன்று, இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஒரேயடியாக நிறுத்திவிட்டார். அது நடந்து மூன்று நாள். மகள் அவரோடு முகம் கொடுத்துப் பேசியும் மூன்று நாள்.

தனக்குத் தெரியாது, கடைக்கு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள் என்றார் அஸ்வர். வந்தவர் கோவையைத் திறந்து மேசையில் வைத்தார். ஐந்து பேரின் அரட்டையும் மாதக்கணக்கில் அச்சடிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு மையில் இலக்கம். ஓரமெல்லாம் பொடிப்பொடியாகச் சிங்களக் கையெழுத்து. முதல் தாளின் தலைப்பில் கடையின் விலாசம்.

"மூண்டு நாளா அந்தப் பிள்ளை எழுதேல்ல. பல்லுக்கொதி எண்டு போன கிழமை எழுதினது. இப்ப எங்க எண்டு எனக்குத் தெரிய வேணும்."

பல்லுக்கொதி வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அடுத்ததாக, யார் எந்த நேரம் வந்து இருந்தார்கள் என்று எழுதும் பதிவுக் கொப்பியைக் கேட்டார். அது மழையில் நனைந்துவிட்டது என்றார் அஸ்வர். வவுனியாவில் இரண்டு மாதமாக ஒரு துளி மழை இல்லை. வந்தவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே ஜீப் நிற்கிறதோ என்று அஸ்வரும் பார்த்தார்.

குசினியில் கோப்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. கொண்டு போனால் எங்கே போய் நிற்பது, யாரிடம் கேட்பது? அஸ்வரால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

"நான்தான் பனங்கிழங்கு. எங்க வரவேணும் எண்டு சொல்லுங்கோ, வாறன்."

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாள்களைப் புரட்டினார்.

"சனிக்கிழமை, ஒன்பது மேலிருந்து கீழ், ஆறெழுத்து. மற்ற நாலு பேருக்கும் பிடிபடேல்ல, உங்களுக்குத்தான் பிடிபட்டது. என்ன சொல்?"

பிறந்ததிலிருந்து ஒரு கட்டம்கூட நிரப்பியறியாத அஸ்வர், தலைகீழாகத் தெரிந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"கமுகம்பாளை."

நிஹ்லா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றாள். வாப்பாவை விடுங்கோ, அவருக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் எழுதினனான் என்றாள்.

அஸ்வர் பாய்ந்து போய் அவளை மறைத்துக்கொண்டார். வந்தவர் கிட்ட வரவில்லை. பக்கத்தில் கிடந்த கதிரையைத் தடவிப் பிடித்து அதில் உட்கார்ந்தார். கோவை நழுவித் தாள்கள் நிலமெல்லாம் சிதறின. அவற்றைப் பொறுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"உயிரோட இருக்கிறியே பிள்ளை," என்றார்.

நிஹ்லா கொடுத்த தண்ணீரைக் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. தன் பெயர் சிற்றம்பலம் என்றார். இங்கே வந்தது ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

"நீங்கள் அதில கதைக்கிறதைச் சிங்களத்தில மாத்தி ஆமிக்கு எழுதிக் குடுக்கிறதுதான் என்ர வேலை. எட்டு மாசமா ஒவ்வொரு நாளும் அடியில 'சந்தேகம் இல்லை' எண்டுதான் எழுதினனான். நான் எங்கயோ ஒரு சொல்லைப் பிழையா எழுதி, அதால உன்னைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களோ எண்டு மூண்டு நாளா எனக்குச் சோறு இறங்கேல்ல."