சுந்தராம்பாள் வீட்டுக் குடுவைச் செடி

மகளின் பிரசவத்துக்காகப் பழனி போயிருந்த சுந்தராம்பாள், ஒரு மாதம் கழித்துச் செண்பகனூர் வீட்டுக்குத் திரும்பினாள். வேலைக்காரி சோலையம்மாள், பாவம், வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள்.

"அய்யாவோட குடுவைச் செடி செத்துப் போச்சுங்கம்மா."

சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் அவள் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போன, ஈ தின்னும் செடி அது. அவர் இறந்த பிறகும் சுந்தராம்பாள் அதைக் கண்ணாடி ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றி வந்தாள்.

"என்ன செஞ்ச?"

"நோஞ்சானா கெடக்குதேன்னு ரெண்டு கை ஆட்டெரு போட்டேன். எங்க ஊரு கவுஞ்சியில பூண்டு அதுலதாங்க வளருது. இது கருகிப்போச்சு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க சோலிக்கு வருவேன்?"

"உக்காரு. அதுக்கு எரு ஆகாதுன்னு அவர் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாரு."

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா."

"ஆமா. நான்தான் சொல்லல."

சுந்தராம்பாள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அவர் போனதுலருந்து வெள்ளனே எந்திரிச்சு அதுக்கு ஈ பிடிச்சுப் போட்டே ஓஞ்சு போயிட்டேன், சோலை. அவர் வளத்ததக் கொல்ல எனக்குக் கை வரல. எரு போடாம ஒரு செடியையும் நீ விடமாட்டேன்னு தெரியும். அதான் உன்கிட்ட விட்டுட்டுப் போனேன்."